ஆல்பம் வரல, டூர் மட்டும் எப்படி வருது? டூல் பேண்டோட 13 வருஷத்தை வெச்சு ஒரு விளக்கம்

ஒரு ராக் பேண்ட் "ஆல்பம் கிட்டத்தட்ட முடிஞ்சுது"ன்னு சொல்லும், ரெண்டு வருஷம் ஆனாலும் ஆல்பம் வராது, ஆனா நடுவுல டூர் தேதி மட்டும் டாண்ணு அறிவிச்சு டிக்கெட்டும் வித்துடுவாங்க, உடனே ஃபேன்ஸ் எல்லாம் "டூர் போறாங்கன்னா ஆல்பம் ரெடியாத்தான் இருக்கும்"னு கணக்கு போட ஆரம்பிச்சு, டூரும் முடிஞ்சு, ஆல்பம் வராம, நல்லா திட்டி தீர்த்துட்டு, அடுத்த கணக்குக்குப் போயிடுவாங்க. இது வருஷா வருஷம் ஏதாவது ஒரு பேண்டுக்கு நடக்குது.

இதைப் புரிஞ்சுக்க டூலை விட நல்ல உதாரணம் கிடையாது. 1990-ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிச்ச பேண்ட். பாடறது மேனர்ட் ஜேம்ஸ் கீனன், கிட்டார் ஆடம் ஜோன்ஸ், பேஸ் ஜஸ்டின் சான்சலர், டிரம்ஸ் டேனி கேரி. 2006 மே மாசம் '10,000 டேஸ்' வந்துச்சு. அடுத்த ஆல்பம் 'ஃபியர் இனாக்யுலம்' வந்தது 2019 ஆகஸ்ட் 30. 2006-ல ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த பையன் அதுக்குள்ள காலேஜ் போயிட்டான். ஆனா இந்த 13 வருஷத்துல 2009, 2010, 2012, 2014, 2016, 2017-ன்னு டூர் மட்டும் விட்டு விட்டு நடந்துட்டே இருந்துச்சு.

இந்த மாதிரி செய்தி எது வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டா பாதி குழப்பம் தீந்துடும்: இது பொய்யாப் போனா யாருக்குப் பணம் நஷ்டம்? யாருக்கும் இல்லைன்னா அது வெறும் பேச்சு, சொல்றது பேண்ட் மெம்பராவே இருந்தாலும் சரி. ஏன் அப்படின்னு அடியிலேர்ந்து பார்ப்போம்.

"முடிஞ்சுது"ன்னா எது முடிஞ்சுது?

ஆல்பம்ங்கறது ஒரே வேலை இல்ல, அஞ்சு வேலை. ஒவ்வொண்ணும் வேற வேற ஆளு, வேற வேற ஊர்ல செய்யறது.

1. எழுதறது. ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற ஒரு கிட்டார் துணுக்கு, அதுலேர்ந்து ஆரம்பிச்சு பாட்டா வளர்க்கறது. இதுக்குத்தான் கால வரையறையே கிடையாது, வாரமும் ஆகலாம் வருஷமும் ஆகலாம்.

2. டிராக்கிங். ஸ்டூடியோவுல ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியா பதிவு பண்றது. ராக்ல பெரும்பாலும் டிரம்ஸ் முதல்ல, பாட்டுக் குரல் கடைசில.

3. மிக்ஸிங். தனித்தனியா பதிஞ்ச அந்த அத்தனை டிராக்கையும் எது முன்னாடி கேக்கணும் எது பின்னாடி கேக்கணும்னு சமன் பண்ணி ஒண்ணா சேர்க்கறது.

4. மாஸ்டரிங். மிக்ஸ் ஆன பாட்டுங்களை ஒரே ஆல்பமா ஒலிக்கற மாதிரி கடைசியா ஒரு கை பார்க்கறது. ஒரு பாட்டு சத்தமா, அடுத்தது மெல்லிசா இல்லாம சரி பண்ணி, சிடிக்கு, ஸ்ட்ரீமிங்குக்கு, வினைலுக்குன்னு (அதாவது ஊசி வெச்சு ஓட்டற இசைத்தட்டுக்கு) தனித்தனி காப்பி ரெடி பண்ணுவாங்க.

5. அட்டை, அச்சு, அனுப்பறது. சிடி, வினைல் பிரஸ் பண்றது, கவர் அச்சடிக்கறது, கடைக்குப் போய்ச் சேர்றது. ரிலீஸ் நாள் வெள்ளிக்கிழமைதான், 2015 ஜூலை 10-லேர்ந்து உலகம் பூரா அதுதான் பொது விதி.

இப்ப கவனிங்க. டிரம்மர் தன்னோட வேலையை ரெண்டாவது கட்டத்தோட ஆரம்பத்துலயே முடிச்சுடுவார். அவர்கிட்ட யாராவது மைக்கை நீட்டி "ஆல்பம் என்னாச்சு"ன்னா "முடிஞ்சுதே"ம்பார். அவர் பொய் சொல்லல, அவர் வேலை முடிஞ்சுதான் போச்சு. பாடகருக்கு அப்பதான் வேலை ஆரம்பமே ஆகுது. அவருக்கு அப்புறம் மிக்ஸ், மாஸ்டர், அச்சு எல்லாம் வரிசையா நிக்குது. செய்தியில வர்ற தலைப்புல மட்டும் "ஆல்பம் ரெடி, டிரம்மர் அறிவிப்பு"ன்னு வரும்.

அஞ்சாவது கட்டத்தை ஃபேன்ஸ் கணக்குலயே சேர்க்கறதில்ல, ஆனா அங்கயே மாசக்கணக்குல போகும். வினைல் எப்படிப் பண்றாங்கன்னு பார்த்தா புரியும். ஒரு அலுமினிய தட்டு மேல அரக்கு மாதிரி மெல்லிசா ஒரு பூச்சு இருக்கும், அதுக்கு லாக்கர்னு பேரு. ஊசி ஒண்ணு அந்தப் பூச்சுல பாட்டை கோடா வெட்டிக்கிட்டே போகும், நகத்துல கீறினாக்கூட போச்சு, அவ்வளவு மென்மையான சாமான். அந்த வெட்டுலேர்ந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சை வெச்சு சூடான பிளாஸ்டிக்கை அழுத்தித்தான் ரெக்கார்டு வருது. உலகத்துல அந்த லாக்கர் தட்டு செய்யற பெரிய கம்பெனி ரெண்டே ரெண்டுதான் இருந்துச்சு, ஒண்ணு ஜப்பான்ல, இன்னொண்ணு கலிபோர்னியா பேனிங்ல இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ். 2020 பிப்ரவரி 6-ஆம் தேதி அப்போலோ தீப்பிடிச்சு எரிஞ்சே போச்சு. அதோட கொரோனாவும் சேர்ந்துக்கிச்சு, வினைல் வாங்கற கூட்டமும் ஏறிட்டே போச்சு, பிரஸ்ஸிங் ஆலைகள்ல மாசக்கணக்குல க்யூ. மாஸ்டரிங் முடிஞ்ச ஆல்பம்கூட அலமாரியில தூங்கற நிலைமை அப்படி வந்ததுதான்.

டூலுக்கு எங்க சிக்குச்சு

13 வருஷத்துக்கும் ஒரே காரணம் தேடினா கிடைக்காது. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்ச மாதிரி நடந்துச்சு.

முதல் காரணம் அவங்க எழுதற விதம். இசை பூராவும் முதல்ல ஜோன்ஸ், சான்சலர், கேரி மூணு பேரும் சேர்ந்து உருட்டி உருட்டி செதுக்குவாங்க, தாளக்கட்டு ஒவ்வொண்ணும் சிக்கலா இருக்கும், பல பாட்டு 10 நிமிஷத்தைத் தாண்டும். அது கெட்டியா உறைஞ்ச பிறகுதான் கீனன் கைக்குப் போகும், அவர் அதுக்கு மேல வரி எழுதி மெட்டு போடுவார். நடுவுல இசை மாறினா அவர் எழுதினது குப்பைக்கு. அதனால அவர் காத்திருப்பார். வெளியிலேர்ந்து பார்க்கறவங்களுக்கு பாடகர் சும்மா இருக்கற மாதிரி தெரியும், பல வருஷம் ஃபேன்ஸ் அவரைத்தான் போட்டு வறுத்தாங்க. அது அநியாயம்னுதான் நான் சொல்லுவேன். சாம்பார் கொதிச்சாத்தான தாளிச்சுக் கொட்ட முடியும்.

அவரும் காத்திருக்கற நேரத்துல சும்மா இல்ல. ஏ பெர்ஃபெக்ட் சர்க்கிள், புஸ்ஸிஃபர்னு இன்னும் ரெண்டு பேண்ட். அரிசோனாவுல திராட்சைத் தோட்டம், கடூசியஸ் செல்லர்ஸ்னு சொந்த வைன் தயாரிப்பு. அறுவடை சீசன்ல அவரை ஸ்டூடியோவுல பார்க்கறது கஷ்டம்னு ஃபேன்ஸ் காலண்டர்ல திராட்சை அறுவடையையும் சேர்த்துக்கிட்டாங்க.

ரெண்டாவது காரணம் வழக்கு, இதுதான் கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதை. 2007-ல ஒருத்தர், பேண்டுக்குத் தெரிஞ்சவர்தான், ஆல்பம் ஓவிய வேலையில தன் பங்குக்குப் பேர் வரலைன்னு கேஸ் போட்டார். டூல்ல ஓவியம்னா சின்ன விஷயம் இல்ல. '10,000 டேஸ்' அட்டையில முப்பரிமாணப் படம் பார்க்க ரெண்டு லென்ஸையே பொருத்தி வெச்சிருந்தாங்க, அதுக்கு சிறந்த பேக்கேஜுக்கான கிராமியும் கிடைச்சுது. சரி, கேஸ் வந்தா பார்த்துக்கத்தான் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கோமேன்னு பார்த்தா, அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசியில ஏதோ ஓட்டையைக் காட்டி பேண்ட் மேலயே கேஸ் போட்டுச்சு. இவங்க திருப்பி ஒரு கேஸ். இப்படியே இழுத்துக்கிட்டு போய் 2015-லதான் முடிஞ்சுது. 2014 வரைக்கும் ஃபேன்ஸுக்கு இந்த விவரமே சரியா வெளில தெரியாது. ஏழு வருஷமா ஆளாளுக்கு "மேனர்டுக்கு மத்தவங்களோட ஆகல", "பேண்ட் உடைஞ்சாச்சு"ன்னு கதை கட்டினப்ப, உண்மையில இவங்க வக்கீல் ஆபீஸ் படி ஏறி இறங்கிக்கிட்டு இருந்தாங்க.

கேஸ் நடந்தா பாட்டு எழுத என்ன தடைன்னு கேக்கலாம். பணமும் நேரமும் அங்க போகுது, அது ஒண்ணு. ஜோன்ஸ் சொன்னது அதை விட சாதாரணமான விஷயம், மனசு ஓடல. அதுல வேற பேண்டுல ரெண்டு பேருக்கு ஸ்கூட்டர் விபத்து, ஜாம் பண்ற, அதாவது சேர்ந்து வாசிச்சுப் பார்க்கற நாள் எல்லாம் ரத்து. குழந்தை குட்டி, குடும்பம்னு நாப்பதுகள்ல இருக்கற ஆளுங்களுக்கு வர்ற எல்லாமும் வந்துச்சு.

2019: தேதி எப்படி தேதியாச்சு

இந்த ஒரு வருஷத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தா எந்தச் செய்தியை நம்பணும்னு தெளிவாத் தெரியும்.

வருஷ ஆரம்பத்துல கீனன் சொன்னது: என் குரல் பதிவு எல்லாம் முடிஞ்சு மாசக்கணக்காச்சு, இப்ப மிக்ஸிங் போகுது. டேனி கேரி ஒரு பேட்டியில ஏப்ரல் நடுவுல வந்துடும்னுட்டார். உடனே எல்லா இசைச் செய்தியிலயும் ஏப்ரல். கீனன் பிப்ரவரியில அதைத் திருத்தினார்: மிக்ஸிங்ல பாதிதான் தாண்டியிருக்கோம், குத்துமதிப்பா மே நடுவுலேர்ந்து ஜூலை நடுவுக்குள்ள. அதுவும் தப்பாத்தான் போச்சு. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஒண்ணுலயும் வரல. இந்த ரெண்டு பேச்சும் பொய்யானதால யாருக்கும் பைசா நஷ்டம் இல்லைங்கறதை கவனிச்சுக்கோங்க.

மே 5-ஆம் தேதி புளோரிடா ஜாக்சன்வில்ல ஒரு பெரிய ராக் திருவிழா. அங்க முதல் தடவையா புது ஆல்பத்துலேர்ந்து ரெண்டு பாட்டு முழுசா வாசிச்சாங்க. இது கொஞ்சம் பெரிய விஷயம், ஏன்னா மேடையில வாசிச்ச அடுத்த நிமிஷமே செல்போன் வீடியோ உலகம் சுத்தும், 13 வருஷ ரகசியம் போச்சு, அதைத் திருப்பி எடுக்க முடியாது. ரெண்டு நாள் கழிச்சு மே 7, அலபாமா பர்மிங்ஹாம். கச்சேரி நடுவுல திரையில ஆகஸ்ட் 30-ன்னு எழுத்து வந்துச்சு, அவ்வளவுதான். அரங்கத்துல இருந்த கூட்டம் கத்தின கத்துல என்னன்னு புரியவே சில பேருக்கு நேரமாச்சு.

திரையில நாலு எழுத்து காட்டறதும் இலவசம்தானே, அதை மட்டும் ஏன் நம்பணும்? ஏன்னா அதுக்குப் பின்னாடி ஒரு ஃபேக்டரி இருந்துச்சு. 'ஃபியர் இனாக்யுலம்' சிடி பெட்டியைத் திறந்தா உள்ள 4 இன்ச் ஸ்க்ரீன் ஒண்ணு தானா உயிர் பெற்று வீடியோ ஓடும், சின்னதா 2 வாட் ஸ்பீக்கர்லேர்ந்து சத்தம் வரும், பக்கத்துல சார்ஜ் பண்ண கேபிள், 36 பக்க புத்தகம், கடைசியா ஒரு ஓரமா சிடி. விலை கிட்டத்தட்ட 45 டாலர். ஒரு சிடிக்கு இந்த விலையான்னு அடிச்சுக்கிட்டே வாங்கித் தீர்த்தாங்க. ஸ்க்ரீன், பேட்டரி, சர்க்யூட் எல்லாம் உள்ள பெட்டியை ஆயிரக்கணக்குல செய்யணும்னா மாசக்கணக்குக்கு முன்னாடியே ஆர்டர் போட்டு பணம் கட்டணும், பேட்டரி இருக்கற சாமானை விமானத்துல ஏத்தவே தனி விதி இருக்கு. ஸ்டூடியோ வேலைக்கு மட்டும்னா "குத்துமதிப்பா"ன்னு இழுத்துட்டே போகலாம், ஃபேக்டரிக்கு அப்படி சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பெட்டி தயாராகிட்டிருக்கற நேரத்துல காட்டின தேதி அது, அதனாலதான் நகரல.

அதுக்கு அப்புறம் எல்லாம் வரிசையா நடந்துச்சு. அதுவரைக்கும் ஸ்ட்ரீமிங்ல ஒரு பாட்டுகூட விடாம முறுக்கிட்டு இருந்த பேண்ட், ஆகஸ்ட் 2-ஆம் தேதி பழைய ஆல்பம் அத்தனையும் திறந்து விட்டுச்சு. ஆகஸ்ட் 7-ல தலைப்புப் பாட்டு வந்துச்சு, 10 நிமிஷம் 21 நொடி. அமெரிக்கப் பாட்டுங்களோட தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல இடம் பிடிச்ச 10 நிமிஷத்துக்கு மேல ஓடற முதல் பாட்டு அதுதான். ஆல்பம் வந்த வாரம் விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்த்து 2,70,000 யூனிட் கணக்கு, டெய்லர் ஸ்விஃப்டோட 'லவர்' முதல் இடத்துலேர்ந்து இறங்குச்சு. டெய்லர் ஃபேன்ஸ் பாதிப் பேர் "யாருடா இந்த டூல்"னு கேட்டது தனிக் கூத்து.

இன்னொரு சின்ன விஷயம், ரொம்பப் பேர் கவனிக்காதது. அந்த வருஷ கிராமிக்கு 2019 ஆகஸ்ட் 31-க்குள்ள வந்த பாட்டுதான் தகுதி. ஆகஸ்ட் 30 அந்தக் கெடுவோட கடைசி வெள்ளிக்கிழமை. பேண்ட் அதை நினைச்சுத்தான் தேதி வெச்சாங்களான்னு நமக்குத் தெரியாது, ஆனா சிடியோட கடைசிப் பாட்டு மறு வருஷம் சிறந்த மெட்டல் கிராமியை வாங்கிடுச்சு. ஒரு வாரம் தள்ளியிருந்தா இன்னொரு வருஷம் காத்திருக்கணும். ஆல்பம் தள்ளிப்போனா எந்தத் தேதியில போய் முட்டும்னு யோசிக்கறவங்க இந்தக் கெடுவையும் பார்க்கறது நல்லது.

இசையோட நீளமேகூட பெட்டியைப் பொறுத்துத்தான். டிஜிட்டல்ல 10 டிராக், 86 நிமிஷத்துக்கு மேல. சிடியில 7 டிராக், 79 நிமிஷம் 10 நொடி. சாதாரண சிடி ஒண்ணுல 80 நிமிஷத்துக்கு மேல கொள்ளாது, அதான் விஷயம். வினைலோ 2022-லதான் வந்துச்சு, அஞ்சு தட்டு.

டூருக்கு வேற கடிகாரம்

சரி, அப்ப டூர் தேதி வந்தா ஆல்பம் வரும்னு அர்த்தம் இல்லையா? இல்ல. 70, 80-கள்ல டூர் போறது ஆல்பம் விக்கறதுக்கு, டூர்ல கையைக் கடிச்சாலும் ரெக்கார்டுல வந்துடும். ஸ்ட்ரீமிங் வந்த பிறகு அது தலைகீழாப் போச்சு. பெரிய ராக் பேண்டுக்கு காசு மேடையிலதான், ஆல்பம்ங்கறது டூருக்கு ஒரு விளம்பரம் மாதிரி ஆயிடுச்சு, அந்த விளம்பரம் இல்லாமலே அரங்கம் நிறையும்னா எதுக்கு அவசரம்? கன்ஸ் அண்ட் ரோசஸ் 2016-லேர்ந்து 2019 வரைக்கும் 158 ஷோ போட்டு 58 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணாங்க. புது ஆல்பம் எத்தனைன்னா பூஜ்யம்.

டூர் எப்படி உருவாகுதுன்னு பார்த்தா ரெண்டுக்கும் சம்பந்தம் குறைவுன்னு தெரியும்.

1. ஹோல்டு. பேண்டோட ஏஜென்ட் ஒவ்வொரு ஊர் அரங்கத்துலயும் தேதியைக் கேட்டு பேர் போட்டு வெப்பார். பொண்ணு பார்க்கறதுக்கு முன்னாடியே மண்டபத்துக்கு துண்டு போட்டு வெக்கற மாதிரி. ஒரே தேதிக்கு நாலு பேண்ட் வரிசையா ஹோல்டு போட்டிருக்கும், முதல் ஹோல்டு யாருக்கோ அவங்களுக்கு முன்னுரிமை, ரெண்டாவது ஆள் "எனக்கு கண்டிப்பா வேணும்"னு சவால் விட்டா முதல் ஆள் ஓரிரு நாளுக்குள்ள உறுதி பண்ணணும் இல்லன்னா விட்டுக்கொடுக்கணும்.

2. அரங்கத்தோட சொந்தக்காரங்க. அமெரிக்காவுல பெரிய உள்ளரங்கங்கள்ல பலது கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி டீம்களோட வீடு. பிளேஆஃப், அதாவது சீசன் கடைசி நாக்அவுட் சுற்று, வரலாம்னு ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் தேதியைப் பிடிச்சு வெச்சிருப்பாங்க. கச்சேரிக்கு மிச்சம் மீதிதான்.

3. திருவிழா ஒப்பந்தம். பெரிய இசைத் திருவிழாக்கள்ல பேண்டோட போடற ஒப்பந்தத்துல சுத்துவட்டாரத்துல இத்தனை மைலுக்குள்ள, இத்தனை மாசத்துக்கு வேற ஷோ போடக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கும், ரேடியஸ் கிளாஸ் (radius clause)னு சொல்வாங்க. டூர் பட்டியல்ல ஒரு பெரிய ஊர் மட்டும் காணோம்னா, ஃபேன்ஸ் மூளையைக் கசக்கி கோபமா அரசியலான்னு யோசிப்பாங்க, பெரும்பாலும் இந்த விதியா இருக்கும், இல்லன்னா அன்னிக்கு அங்க ஹாக்கி மேட்ச்.

இந்த மூணுலயும் "மிக்ஸிங் முடிஞ்சுதா"ங்கற கேள்வியே வரல பாருங்க. டூர் தேதி வந்தா நம்பலாம், டூர் நடக்கும்ங்கறதுக்கு. முன்பணம் கட்டியாச்சு, டிக்கெட் வித்தாச்சு, லாரி பேசியாச்சு. அதை ஆல்பத்துக்கான ஜாமீனா எடுத்துக்கறதுதான் தப்பு. 2009-லேர்ந்து 2017 வரைக்கும் டூல் டூர் அறிவிச்ச ஒவ்வொரு தடவையும் ஃபேன்ஸ் இந்தத் தப்பையே பண்ணாங்க.

அடுத்த டூரை கணிக்கறதுக்கு இன்னொரு வழி இருக்கு, பாடகர் வேற எங்க இருக்கார்னு பார்க்கறது. 2024-ல கீனனுக்கு 60 வயசு. அதை வெச்சு 'செசான்டா'ன்னு ஒரு டூர் போட்டு ஏ பெர்ஃபெக்ட் சர்க்கிள், புஸ்ஸிஃபர், பிரைமஸ் மூணையும் ஒரே மேடையில ஏத்தினார். அவர் அங்க இருக்கற வாரத்துல டூல் டூர் இருக்காது, கூட்டல் கழித்தல் கணக்குதான். ஆனா அந்த நேரத்துல மத்த மூணு பேரும் எழுதிக்கிட்டு இருக்கலாம்ங்கறதையும் மறக்கக்கூடாது, அவங்க முறைப்படி பார்த்தா அவர் இல்லாத காலம்தான் எழுதற காலம்.

எந்தத் தடயம் எவ்வளவு தேறும்

செலவுங்கற தராசுல வெச்சா இப்படி வரும், கீழ போகப் போக கனம் ஜாஸ்தி:

1. பேட்டியில வாய்ல வர்ற தேதி. எடை சுத்தமா இல்ல.

2. ஸ்டூடியோ போட்டோ. மைக் முன்னாடி நின்னு படம் எடுக்க ஒரு செகண்ட் போதும், எந்த கட்டம்னு படம் சொல்லாது.

3. டிரேட்மார்க், பாட்டுப் பேர் பதிவு. கொஞ்சம் பணம், கொஞ்சம் எடை. பேரைப் பதிஞ்சுட்டு வருஷக்கணக்கா சும்மா விடறதும் உண்டு.

4. மேடையில புதுப் பாட்டை முழுசா வாசிக்கறது.

5. முன்பதிவு. ஒரு கடை பணத்தை வாங்கிட்டு டெலிவரி தேதி போட்டுச்சுன்னா, தள்ளிப்போனா ரீஃபண்ட், புகார், திட்டு எல்லாம் அந்தக் கடைக்கு. ஆனா தேதி தெரியாம பக்கத்தை மட்டும் திறந்து வெக்கறப்ப டிசம்பர் 31-ன்னு ஒப்புக்குப் போட்டு வெப்பாங்க, அதைப் பார்த்துட்டு "வருஷக் கடைசில ரிலீஸ்"னு குதிக்க வேணாம்.

6. ஆலைக்குப் போன ஆர்டர். இதை வெளில பார்க்க முடியாது, ஆனா மாஸ்டரிங் முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல தேதி ஒண்ணு வந்தா பின்னாடி இது இருக்குன்னு அர்த்தம்.

டூல் விஷயத்துல இந்தத் தராசு கூடுதலா தேவைப்படுது, ஏன்னா இவங்க வேணும்னே ஏமாத்தற ஆளுங்க. 2001-ல 'லேட்டரலஸ்' வர்றதுக்கு முன்னாடி ஆல்பத்துக்கு 'சிஸ்டமா என்செஃபால்'னு பேரு, 12 பாட்டு, இதுதான் லிஸ்ட்டுன்னு அறிவிச்சாங்க. நாப்ஸ்டர்னு ஒரு சாஃப்ட்வேர்ல ஜனங்க பாட்டை இலவசமா பகிர்ந்துக்கிட்ட காலம் அது, அந்தப் பேர்கள்ல போலி ஃபைல் குவிஞ்சுது, ஜனங்க கண்ட கண்ட பாட்டை டவுன்லோட் பண்ணி "டூல் ரொம்ப மாறிட்டாங்க"ன்னு விமர்சனம் வேற. ஒரு மாசம் கழிச்சு, அது பூரா புரளி, உண்மையான பேரு 'லேட்டரலஸ்'னு சொன்னாங்க. 2005 ஏப்ரல் 1-ல இவங்க வெப்சைட்லயே கீனன் ஏசுவைக் கண்டுக்கிட்டார், ஆல்பம் கைவிடப்படுதுன்னு செய்தி. எம்டிவி ஆள் ஒருத்தர் மெயில் போட்டுக் கேட்டதுக்கு கீனன் சிரிக்காம ஆமாம்னு பதில் சொல்லியிருக்கார். ஒரு வாரம் கழிச்சுத்தான் ஏப்ரல் ஃபூல்னு ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு தடவையும் பேண்டுக்கு செலவு என்ன? ஒரு டைப்பிங்.

ஆனா பணம் கொட்டினாலும் வராம இருந்ததே?

இந்த வாதத்தை உடைக்க யாராவது வந்தா கையில 'சைனீஸ் டெமாக்ரசி'யோடதான் வருவாங்க. கன்ஸ் அண்ட் ரோசஸோட அந்த ஆல்பத்துக்கு 90-கள்லேர்ந்து ரெக்கார்டிங். 2005-ல நியூயார்க் டைம்ஸ் கணக்குப்படி அதுவரைக்கும் 1 கோடியே 30 லட்சம் டாலர் செலவு, ஆல்பத்தைக் காணோம். செலவைப் பார்த்து நம்பலாம்னா இது எப்பவோ வந்திருக்கணுமே?

இங்கதான் ஒரு நூல் வித்தியாசம். ஏற்கனவே செலவாகிப் போன பணம் யாரையும் கட்டிப் போடாது. அது போச்சு, அவ்வளவுதான். குறிப்பிட்ட ஒரு தேதியைத் தவறவிட்டா போகப்போற பணம்தான் ஆளைக் கட்டிப்போடும். கன்ஸ் அண்ட் ரோசஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸ் ஸ்டூடியோவுல வருஷக்கணக்கா செலவு பண்ணது எல்லாம் முதல் வகை, ஒரு நாள் அதிகம் ஆனாலும் அதே நஷ்டத்துல இன்னும் கொஞ்சம் சேரும், வேற ஒண்ணும் ஆகாது. 2004-ல ரெக்கார்டு கம்பெனி இனிமே ஸ்டூடியோ செலவு உங்க பொறுப்புன்னு கையை விரிச்சுட்டு, போட்ட பணத்தை எடுக்க பழைய ஹிட் பாட்டுங்களைத் தொகுத்து மார்ச்ல ஒரு ஆல்பம் விட்டுச்சு, அது பிச்சுக்கிட்டு ஓடுச்சு. கடைசில 2008-ல அமெரிக்கா முழுக்க பெஸ்ட் பை கடைகள்ல மட்டும்தான் விக்கும்னு ஒப்பந்தம் ஆச்சு. ஒரு சங்கிலிக் கடை தன் அலமாரியையும் விளம்பரத்தையும் ஒரு நாளுக்கு ஒதுக்கிட்டா அது ரெண்டாவது வகைப் பணம். அந்த வருஷம் நவம்பர் 23, ஞாயித்துக்கிழமை, ஆல்பம் கடைக்கு வந்துச்சு.

இதுல மாட்டிக்கிட்டது ஒரு குளிர்பானக் கம்பெனி. ஆல்பம் எங்க வரப்போகுதுங்கற தைரியத்துல, அந்த வருஷம் மார்ச்ல டாக்டர் பெப்பர் ஒரு அறிவிப்பு விட்டிருந்துச்சு: 2008-க்குள்ள 'சைனீஸ் டெமாக்ரசி' வந்தா அமெரிக்காவுல இருக்கற எல்லாருக்கும் ஒரு கேன் இலவசம், பேண்டை விட்டுப் போன கிட்டாரிஸ்டுங்க ஸ்லாஷுக்கும் பக்கெட்ஹெட்டுக்கும் மட்டும் கிடையாது. எட்டு மாசம் கழிச்சு ஆல்பம் வந்தே வந்துடுச்சு. ஒரே ஒரு நாள் மட்டும் வெப்சைட்ல கூப்பன்னு சொன்னாங்க, கூட்டம் தாங்காம சைட் படுத்துடுச்சு, ஆக்ஸல் ரோஸோட வக்கீல்கள் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பிட்டாங்க.